ஆங்கில வினாத்தாளை வாசிக்கக் கற்பித்தல்: அரநாயக்கத் தோட்டப் பிள்ளைகளோடு எமது சனிக்கிழமைகள்

(நூற்றாண்டு விழாக் கல்விக் கருத்தரங்கில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இக்கருத்தரங்கில் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்புக் குழுவினரும் பேச வேண்டும் என்று தலைவி அவர்கள் கேட்டுக்கொண்டார். நாங்கள் அறுவர். மூவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஒருவர் தாதி, ஒருவர் வங்கி உத்தியோகத்தர், ஒருவர் இல்லத்தரசி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மாவனெல்லையில் பஸ் மாறி அரநாயக்கவுக்குப் போகிறோம். அங்குள்ள தோட்டப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தரம் 10இலும் 11இலும் படிப்பவர்களுக்கு, சாதாரண தர ஆங்கில வினாத்தாளை வாசிக்கக் கற்பிக்கிறோம். அந்த வகுப்புகளில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், இந்த நூற்றாண்டு ஆண்டில் உங்களிடம் என்ன கேட்கிறோம் என்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஏன் வாசிப்பு?

உயர்தர வகுப்புக்குச் செல்வதற்குத் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம். ஆங்கிலம் அப்படியல்ல. ஆகவே ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலையில் முதலில் கைவிடப்படும் பாடம் ஆங்கிலமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளும், "அது இல்லாமலே போகலாம்தானே டீச்சர்" என்கிறார்கள். போகலாம்தான். ஆனால் போன இடத்தில் பொது ஆங்கிலம் காத்திருக்கிறது. பல்கலைக்கழகம் சென்றால் விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். தாதியர் பயிற்சியானாலும் வங்கியானாலும் கொழும்பில் ஒரு கடையானாலும், நேர்முகப் பரீட்சையில் பெறுபேற்றுத் தாளை வாங்கியவர் கண் முதலில் போகும் இடம் எதுவென்று எங்கள் குழுவிலுள்ள வங்கி உத்தியோகத்தர் நன்றாக அறிவார்.

வினாத்தாள் இரண்டு பகுதிகளைக் கொண்டது. விடைகளைத் தாளிலேயே எழுத வேண்டும். படத்துக்குப் பொருந்தும் அறிவித்தலைத் தெரிவு செய்தல், பெட்டியிலுள்ள சொற்களால் இடைவெளி நிரப்பல், சிறு பந்திகளை அவற்றுக்குரியவர்களோடு இணைத்தல், ஒரு கவிதையையோ விளம்பரத்தையோ வாசித்து விடையின் கீழ்க் கோடிடுதல், நீண்ட பந்தியை வாசித்துச் சரி பிழை காணல் என்று பெரும்பகுதி வாசிப்பிலேயே தங்கியிருக்கிறது. கடிதமோ கட்டுரையோ எழுதுவதற்குங்கூட, முதலில் கேள்வியில் என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பதை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலம் பேசும் சூழலே இல்லாத பிள்ளைக்கு, கையிலிருக்கும் காலத்துக்குள் எட்டக்கூடிய திறன் வாசிப்புத்தான்.

இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட் என்பவர் 1926இல் இதையே எழுதினார். வங்கத்துப் பிள்ளைகள் பலர் சில ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் போகும்போது கையோடு கொண்டுபோகக்கூடிய திறனாக முதலில் வாசிப்பைக் கொடுங்கள் என்பது அவருடைய வாதம். ஏறத்தாழ எமது கல்லூரியின் வயதுதான் அந்த நூலுக்கும். அவர் 1953இல் வெளியிட்ட, சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம்.

கொழுந்துக் கண்ணும் கங்காணிக் கண்ணும்

வகுப்பின் முதல் பாடம் பிள்ளைகள் தினமும் காணும் ஒரு மலையிலிருந்து தொடங்குகிறது. அரநாயக்கப் பக்கத்தில் பத்தலேகல என்ற மலை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் 'பைபிள் ரொக்' என்று பெயர். கடுகண்ணாவைக் கணவாயிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திறந்து வைத்த புத்தகம்போல் தெரிவதால் வந்த பெயர். அந்த மலையைப் பற்றிய எட்டு வரிப் பந்தியொன்றை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். வாசிக்கச் சொன்னவுடன் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதற் சொல்லில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்து, தெரியாத முதற் சொல் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து நகர்வதில்லை. மூன்றாவது வரியில் நின்ற பிள்ளைக்கு, கேட்ட கேள்விக்கான விடை ஏழாவது வரியில் மிக எளிய சொற்களில் இருப்பது தெரிவதேயில்லை.

இங்கே நாங்கள் தோட்டத்திலிருந்தே இரண்டு கண்களைக் கடன் வாங்குகிறோம்.

கங்காணி மலைக்குப் போனதும் ஒவ்வொரு செடியாகப் பார்ப்பதில்லை. மேட்டில் நின்று மலை முழுவதையும் ஒருமுறை பார்க்கிறார். எந்த நிரையில் ஆள் இருக்கிறது, எங்கே கொழுந்து அடர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பந்தியையும் முதலில் அப்படித்தான் பார்க்க வேண்டும். தலைப்பு, படம், ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம். அரை நிமிடத்தில் "இது எதைப் பற்றியது?" என்பதற்குத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இது மேலோட்ட வாசிப்பு.

கொழுந்து எடுக்கும் அம்மாவின் கண் வேறு வகை. செடியில் ஆயிரம் இலை இருந்தாலும் அவர் கண் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும் தளிரிலேயே விழுகிறது. முற்றிய இலையை அவர் ஆராய்வதில்லை, தாண்டிப் போகிறார். கேள்வியில் "எப்போது?" என்று இருந்தால் கண் ஆண்டையும் மாதத்தையும் நேரத்தையும் தேட வேண்டும். "யார்?" என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேட வேண்டும். "எவ்வளவு?" என்றால் இலக்கங்களை. இது தேடல் வாசிப்பு. தாய்மார் செய்யும் வேலைக்கு இப்படியொரு கல்விப் பெயர் உண்டென்று சொன்னபோது, பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பந்திக்கு முன் கேள்விகளை வாசிக்க வேண்டும். எதைப் பறிக்கப் போகிறோம் என்று தெரியாமல் மலைக்குப் போவதில் பயனில்லை. கேள்விகளின் முக்கிய சொற்களின் கீழ்க் கோடிட்டுவிட்டுப் பந்திக்குள் போனால், பாதி வேலை முடிந்ததுபோல.

தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள்

பொதுவான உத்திகள் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். எங்களுக்கு அதிகம் பயன்பட்டவை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுகிறது என்று கவனித்துக் கண்டவை. நான்கை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, வினைச்சொல் இருக்கும் இடம். தமிழில் வினை கடைசியில் வரும். கடைசிச் சொல் வரும்வரை பொறுத்திருந்து பொருள் கொள்வது எமது பழக்கம். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் வினையைக் கண்டுபிடித்து வட்டமிடு, பிறகு "யார் செய்தது?" என்று இடப்பக்கமும் "எதை?" என்று வலப்பக்கமும் பார் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

இரண்டாவது, 'ஹூ', 'விச்', 'தட்' என்னும் சொற்கள். "மருந்துச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு மூன்று மாடுகள்" என்று தமிழில் சொல்லும்போது அம்மாவைப் பற்றிய விவரம் அம்மாவுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் 'தி வுமன்' என்று தொடங்கி, 'ஹூ' என்று ஒரு வளைவு வளைந்து, மருந்துச்சாலையைச் சுற்றிவிட்டு, பிறகுதான் மாட்டுக்கு வருகிறார்கள். பிள்ளை அந்த வளைவில் வழி தவறி, மாடுகள் மருந்துச்சாலைக்குச் சொந்தம் என்று எழுதிவிடுகிறது. நாங்கள் சொல்வது இதுதான்: 'ஹூ' என்பதைக் கண்டால் அங்கிருந்து ஓர் அடைப்புக்குறியைப் பென்சிலால் திற. அந்த விவரம் முடியும் இடத்தில் மூடு. அடைப்புக்குறியை விட்டுவிட்டு மீதியை வாசி. வாக்கியம் நேராகிவிடும்.

மூன்றாவது, 'இட்', 'தெம்', 'திஸ்' முதலிய சுட்டுச் சொற்கள். "கண்டேன், கொடுத்தேன், வந்தாள்" என்று தமிழில் வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடும். "எங்கே புத்தகம்?" என்றால் "கொடுத்துவிட்டேன்" என்போம், "அதை" என்று சொல்வதுகூட இல்லை. ஆங்கிலத்தில் 'இட்' இல்லாமல் நகர முடியாது. அது எதைக் குறிக்கிறது என்று வினாத்தாளில் நேரடியாகவே கேட்பார்கள். இறப்பர் பால் வெட்டுபவர் அதிகாலையில் மரப்பட்டையில் கோடு கீறுகிறார், பால் சிரட்டையில் வடிகிறது, அவர் 'இட்' என்பதைச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுபோகிறார் என்று ஒரு பந்தி எழுதினோம். 'இட்' பட்டையா, சிரட்டையா, பாலா? அந்த வேலையை வீட்டில் பார்த்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே 'இட்' என்பதிலிருந்து பாலுக்கு அம்புக்குறி இட்டார்கள். அதன்பிறகு தெரியாத பந்திகளிலும் அம்புக்குறி இடும் பழக்கம் வந்துவிட்டது.

நான்காவது, திருப்பும் சொற்கள். 'பட்', 'ஹவெவர்', 'ஓல்தோ', 'அன்லெஸ்' என்பவை வாக்கியத்தின் திசையையே மாற்றிவிடும். சரி பிழைக் கேள்விகளில் 'ஓல்', 'ஓன்லி', 'நெவர்' என்பவை பொறிகள். பந்தியில் "பெரும்பாலானோர்" என்று இருக்கும், கேள்வியில் "எல்லோரும்" என்று இருக்கும். மலைப்பாதையில் வளைவுப் பலகையைக் கண்டதும் சாரதி வேகத்தைக் குறைப்பதுபோல, இந்தச் சொற்களைக் கண்டால் நின்று வாசிக்க வேண்டும்.

தெரியாத சொல் வந்தால்?

அகராதி இல்லாத மண்டபத்தில் தெரியாத சொல் வரத்தான் செய்யும். அதற்கும் ஒரு முறை உண்டு. முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். இரவெல்லாம் மழை பெய்தது, பாதை 'ஸ்லிப்பரி', ஆகவே பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து மெதுவாக நடந்தார்கள் என்று வாக்கியம் சொல்லுமானால், அந்தச் சொல்லை அரநாயக்கப் பிள்ளைக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவளுடைய காலுக்கே அது தெரியும். சொல்லின் தலையையும் வாலையும் பார்ப்பது அடுத்த படி: தலையில் 'அன்' வந்தால் பெரும்பாலும் எதிர்மறை, வாலில் 'லெஸ்' வந்தால் இல்லாமை, 'ஃபுல்' வந்தால் உடைமை. அப்படியும் விளங்காவிட்டால், அந்தச் சொல் இல்லாமலே விடை கிடைக்குமா என்று பார்த்துத் தாண்டிப் போக வேண்டும்.

அதேவேளை, தெரிந்த சொல்லும் ஏமாற்றும். தாழ்ந்த வாசற்படியின் படத்துக்குப் பக்கத்தில் 'மைன்ட் யுவர் ஹெட்' என்ற அறிவித்தல் இருந்தது. 'மைன்ட்' என்றால் மனம், 'ஹெட்' என்றால் தலை, அதிபரையும் 'ஹெட்' என்பார்கள். "அதிபரை மனத்தில் வை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். படத்தை முதலில் பார்க்கச் சொன்னோம். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ டீச்சர், குனிஞ்சு போகணும்!" என்றாள். சரியான விடை அதுதான்.

வகுப்பு நடக்கும் விதம் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் அன்மேரி பலின்சார், ஆன் பிறவுண் ஆகிய இருவர் 1984இல் ஒரு முறையை எழுதினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல், கேள்வி கேட்டல், விளங்காததைத் தெளிவாக்கல், சுருக்கிச் சொல்லல் என்ற நான்கு வேலைகளையும் பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியராக நின்று செய்வது அது. நாங்கள் நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு வேலை கொடுக்கிறோம். அடுத்த பந்தியில் வேலை மாறும். வாசிப்பது ஆங்கிலம், பேசுவது தமிழ். "ஆங்கில வகுப்பில் தமிழா?" என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறாளோ அந்த மொழியில் கேட்டால்தான் அவளுக்கு விளங்கியதா இல்லையா என்று எமக்குத் தெரியும். விளங்கியதை ஆங்கிலத்தில் எழுதுவது அதற்குப் பின் வருகிற வேலை.

இது பரீட்சைத் தந்திரமா?

எங்கள் சங்கத்திலேயே ஒரு சகோதரி இந்தக் கேள்வியைக் கேட்டார். "35 புள்ளி எடுத்து 'எஸ்' வாங்க வைப்பதற்கு ஏதோ சூத்திரம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடுமா?" என்றார். நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

'டபிள்யூ' என்று பெறுபேற்றுத் தாளில் விழும் எழுத்தை 'எஸ்' ஆக மாற்றுவதில் நாங்கள் வெட்கப்படவில்லை. தோட்டத்தில் 'அரைப் பேர்' விழுவதற்கும் முழுப் பேர் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளின் வீட்டுக்குத் தெரியும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்காத பரீட்சையில் ஒரு வரியையும் வெறுமையாக விடாதே என்று சொல்வதும் எமது கடமை. பயத்தினால் வெறுமையாக விடப்பட்ட தாள்களை எங்கள் குழுவின் ஆசிரியைகள் தம் சேவைக்காலத்தில் போதிய அளவு பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் உத்திக்கும் எல்லை உண்டு. பந்தியொன்றைத் தடையின்றி விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். நூற்றுக்கு 80 மட்டுமே தெரிந்தவர்களில் எவருக்கும் பந்தி போதிய அளவு விளங்கவில்லை. அதாவது, நூறு சொல்லில் இரண்டு தெரியாவிட்டால் முன்பின் பார்த்து ஊகிக்கலாம். இருபது தெரியாவிட்டால் எதைக்கொண்டு எதை ஊகிப்பது? உத்தி என்பது கொழுந்துக் கூடை போன்றது. மலையில் கொழுந்தே இல்லாவிட்டால் கூடை நல்ல கூடையாக இருந்து என்ன பயன்?

சொல் எங்கிருந்து வரும்? புத்தகத்திலிருந்து. வொரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவரும் பீஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் செய்த ஆய்வை 1983இல் வெளியிட்டார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சுமார் 250 படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்து நாள்தோறும் வாசிக்க வைத்தார்கள். முதல் எட்டு மாதங்களில், வழமையான பாடநூலோடு மட்டும் படித்தவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இப்பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். 1990களில் எல்லி இலங்கையின் சிறிய கிராமப் பாடசாலைகளிலும் இதே முறையைக் கொண்டுவந்து நல்ல பலன் கண்டார். பீஜியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோரில் தமிழரும் உண்டு என்பதை இந்தச் சபைக்கு நினைவூட்டத் தேவையில்லை.

காகிதமும் எமது மக்களும்

அன்பான சகோதரிகளே, வாசிப்பு எமது மக்களுக்கு வெறும் பாடமாக ஒருபோதும் இருந்ததில்லை. எமது கல்லூரி பிறப்பதற்குச் சற்று முன்பு வரை, தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அவருடைய கடனைக் கட்டினால் அவரை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. தன் தலையை அடகு வைத்த காகிதத்தை வாசிக்க முடியாதவராகவே அவர் அதைச் சுமந்து திரிந்தார். 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு சட்டத்தின் கீழ் விண்ணப்பப் படிவங்கள் வந்தன. வதிவிடத்தையும் வருமானத்தையும் காகிதத்தில் நிரூபிக்க முடியாதவர்களின் விண்ணப்பங்கள் பெருந்தொகையாக நிராகரிக்கப்பட்டன. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் 1970களில்தான் அரசாங்கத்தின் கையில் வந்தன. எமது கல்லூரியில் படித்த நாமெல்லாம் அந்த வகையில் பாக்கியசாலிகள்.

இன்றைய காகிதங்கள் வேறு. ஊழியர் சேமலாப நிதிப் படிவம், நுண்கடன் ஒப்பந்தம், கிளினிக் அட்டை, மருந்துப் பொட்டலம், வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம். இவற்றில் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன. எங்கள் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மருந்துப் பொட்டலத்தைப் பார்த்து, "இதில் உணவுக்கு முன் என்று இருக்கிறது டீச்சர், பாட்டி சாப்பிட்ட பிறகுதான் போடுகிறார்" என்று வந்து சொன்னாள். அவள் தேடியது 'பிஃபோர்' என்ற ஒரு சொல்லை மட்டுமே. தேடல் வாசிப்பு என்றால் அதுதான்.

அரநாயக்க என்றதும் 2016 மே 17ஆம் திகதியை நினைக்காமல் இருக்க முடியாது. அன்று கொட்டிய மழையில் சமசர மலை சரிந்து எலங்கப்பிட்டிய, சிறிபுர, பல்லேபாகே கிராமங்களின் மேல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு நாங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையே வாசிப்புப் பந்தியாகக் கொடுக்கிறோம். மஞ்சள் என்றால் அவதானமாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150 என்று மழையளவு ஏற ஏற எச்சரிக்கை ஏறுகிறது. தலைப்பைப் பார், நிறத்தைப் பார், எமது பிரதேச செயலகத்தின் பெயரைத் தேடு, 'இஃப்' என்று தொடங்கும் வாக்கியத்தில் நின்று வாசி, எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல். வினாத்தாளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே ஐந்து படிகள்தான். தமிழ் அறிவித்தலுக்கும் அவை பொருந்தும். வாசிக்கும் முறை ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் சொன்னார்கள்: "டீச்சர், இதைச் சமூகக்கல்விப் புத்தகத்துக்கும் செய்யலாம்போல."

எமது வேண்டுகோள்

நூற்றாண்டு நிதியில் என்ன செய்வது என்று சங்கம் ஆலோசித்துவருகிறது. வாயிலில் வளைவு கட்டும் யோசனையும் இருக்கிறது. அது வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கல்லூரியின் பெயர் சொல்லும் வளைவு எமக்கும் பெருமைதான். அந்த நிதியில் ஒரு பங்கை மட்டும் பின்வரும் மூன்று காரியங்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம்.

ஒன்று, வருடந்தோறும் நாம் தோட்டப் பாடசாலைகளுக்கு அன்பளிப்புச் செய்யும் மாதிரி வினாத்தாள் தொகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தில் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வாங்குவோம். நூறு மெல்லிய புத்தகங்களும், பூட்டில்லாத ஓர் அலுமாரியும் போதும். பூட்டில்லாத என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகம் அழுக்காகிவிடும் என்று பயந்து பூட்டி வைத்த அலுமாரிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம்.

இரண்டு, தரம் 11இல் தொடங்கினால் உத்தி கொடுக்கத்தான் காலம் உண்டு, சொல் சேர்க்கக் காலம் இல்லை. ஆங்கிலம் முறையாகத் தொடங்குவது தரம் 3இல். தரம் 6இலிருந்தாவது வாசிப்பு வகுப்பு வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற சகோதரிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தந்தால் போதும். ஆங்கிலப் பட்டம் தேவையில்லை. ஒரு புத்தகத்தை உரக்க வாசித்து, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்று, இப்போது இக்கல்லூரியில் படிக்கும் தங்கைமாரே, இது உங்களுக்கானது. சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கையில் இருக்கும். அந்த நாட்களில் எங்களோடு வாருங்கள். பரீட்சை எழுதி முடித்த அக்காவிடம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எங்களிடம் கேட்பதில்லை. அவர்களுடைய பயம் உங்களுக்குத்தான் புதிதாக நினைவிருக்கும்.

பெறுபேறுகளின் கணக்கை நாங்கள் இன்று இங்கே படிக்கவில்லை. அது பிள்ளைகளின் சொந்தக் கணக்கு. 'டபிள்யூ' வாங்கியவர்களும் எங்கள் பிள்ளைகள்தான், அவர்கள் இரண்டாம் தடவை எழுதும்போதும் நாங்கள் அங்கே இருப்போம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இப்போது அவர்கள் தெரியாத சொல்லில் வந்து நின்றுவிடுவதில்லை. கேள்வியை வாசிக்கிறார்கள், மேலிருந்து ஒருமுறை பார்க்கிறார்கள், பென்சிலை எடுக்கிறார்கள், ஒரு வரியையும் வெறுமையாக விடுவதில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் யாரோ சிலர் எமக்காக ஒரு வகுப்பறையைத் திறந்தார்கள். அவர்களுக்கு நாம் நேரே நன்றி சொல்ல முடியாது. மாவனெல்லையில் பஸ் மாறி அடுத்த வகுப்பறைக்குப் போவதுதான் எமக்குத் தெரிந்த நன்றி. அலுமாரிக்கான பட்டியலும் சனிக்கிழமைக்கான பெயர்ப் பதிவேடும் மண்டப வாசலில் இருக்கின்றன. போகும்போது உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகும்படி கேட்கிறோம்.